போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 500: ரிவேர்ஸில் நாலு சில்லும் தானாக இழுக்க வயரிங் மாற்றலாமா?

பனிவழிப்பவன் கேட்டது:

வணக்கம். வண்டி போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 500 எச்ஓ ஏரிவி (காடுமேட்டில் ஓடுற நாலு சில்லு வண்டி), காப்ரேற்றர் மொடல். நாலு சில்லு இழுவைக்கான காயில் (மின்காந்தச் சுருள்) முன் கியர்கேஸுக்குள்ளே இருக்கிற வகை. முன்னுக்கு ஸ்னோ தள்ளுற 60 அங்குல பிளேட், அதைத் தூக்க விஞ்ச் (கயிறு சுத்தி இழுக்கிற மோட்டர்). ஒன்ராறியோவில் டிரைவ்வே ஸ்னோ வழிக்க மட்டும்தான் பாவனை.

முன்னுக்குப் போகும்போது ஏடபிள்யூடி (நாலு சில்லு இழுவை) சுவிட்ச் போட்டால் நாலு சில்லும் இழுக்குது, குறையில்லை. ரிவேர்ஸ் போட்டால் பின் சில்லு இரண்டும்தான் சுத்துது. இடது கையில் இருக்கிற ஓவர்ரைடு பட்டனை அமத்திப் பிடிச்சால்தான் முன் சில்லும் வரும். ஆனால் இடது பெருவிரலால்தான் விஞ்ச் சுவிட்சையும் அமத்தவேணும், பிறேக்கும் அதே கைதான். ஒரு டிரைவ்வே வழிக்க முப்பது நாப்பது தரம் பின்னுக்கு வரவேண்டி இருக்குது.

என்னுடைய கேள்விகள்:
1. ஓவர்ரைடை அமத்தாமலே ரிவேர்ஸில் நாலு சில்லும் இழுக்க வைக்க ஏலுமோ?
2. அப்படிச் செய்தால் முன் கியர்கேஸ் பழுதாகுமோ?
3. ரிவேர்ஸ் வேகக் கட்டுப்பாட்டை எடுக்க விருப்பமில்லை. அது இருக்கட்டும்.

மல்ரிமீற்றர் இருக்குது, வயர் வேலை ஓரளவு தெரியும்.


பழைய ரிலே எழுதியது:

மூன்றாவது வரியை நீங்களே எழுதிவிட்டதால் பாதி வேலை முடிந்தது. இந்தக் கேள்வியோடு வருகிறவர்களில் பலர் கட்டுப்பாட்டையும் சேர்த்துப் பிடுங்கிவிடத்தான் பார்ப்பார்கள்.

ஓவர்ரைடு பட்டன் ஒன்றுதான், ஆனால் ரிவர்ஸில் அது இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, எஞ்சின் வேகக் கட்டுப்பாட்டை நீக்குவது. இரண்டு, ஏடபிள்யூடி சுவிட்ச் போட்டிருந்தால் முன் காயிலுக்கு மின்சாரம் விடுவது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது மட்டும். ஆகவே பட்டன் பக்கமே கை வைக்கக்கூடாது. பட்டனுக்கு இணையாக எதைப் போட்டாலும் இரண்டு வேலையும் சேர்ந்தேதான் நடக்கும். வேலை செய்ய வேண்டிய இடம் மறுமுனை, அதாவது முன் கியர்கேஸின் காயில் வயர்.

ரிவர்ஸில் ஏன் இவ்வளவு வழுக்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் கிளம்பும்போது வண்டியின் பாரம் முன் சக்கரங்கள் மேல் சாய்கிறது. தூக்கிய பிளேடும் விஞ்சும் அங்கேயே தொங்குகின்றன. அதனால் இழுக்க வேண்டிய பின் சக்கரங்கள் லேசாகிவிடுகின்றன, பாரம் ஏறிய முன் சக்கரங்களோ சும்மா உருளுகின்றன. முன்னோக்கிப் போகும்போது இதே வண்டி திக்குமுக்காடாததற்குக் காரணம் பாரம் பின்னால் சாய்வதுதான். உங்கள் வேலையைப் பொறுத்தவரை நாலு சக்கர இழுவை முன்னால் போவதைவிடப் பின்னால் வரத்தான் அதிகம் தேவை.

வயரை வெட்டுவதற்கு முன் ஐந்து அளவுகள் எடுத்துப் போடுங்கள்:

அ) முன் கியர்கேஸ் பிளக்கைக் கழற்றி, காயில் பக்கம் இரண்டு பின்னுக்கு (உலோக முனைகளுக்கு) இடையே ஓம் பாருங்கள். 21.6 முதல் 26.4 ஓம் வரை இருக்க வேண்டும்.

ஆ) பிளக் கழன்றபடியே சாவி ஆன், ஏடபிள்யூடி ஆஃப். ஹார்னஸ் (வண்டியின் வயர்க் கட்டு) பக்கம் ஒவ்வொரு பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே வோல்ட்.

இ) அதே அளவை ஏடபிள்யூடி ஆன் செய்து மறுபடி.

ஈ) பிளக்கை மாட்டி, எஞ்சின் ஐடிலிங்கில், கியர் நியூட்ரலில், ஏடபிள்யூடி ஆன். பிளக்கின் பின்பக்கமாக மல்டிமீட்டர் ஊசி செருகி இரண்டு வயரிலும் வோல்ட்.

உ) கியர் சுவிட்சிலிருந்து வரும் ரிவர்ஸ் வயரில், நியூட்ரலில் எவ்வளவு, ரிவர்ஸில் எவ்வளவு.

'ஆ', 'இ' இரண்டையும் பிளக்கைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். மாட்டியபடி எடுத்தால் காயில் வழியாகவே மின்சாரம் கடந்துபோய் இரண்டு வயரிலும் 12 வோல்ட் காட்டும். எது பாசிட்டிவ், எது கட்டுப்படுத்தும் வயர் என்று தெரியாமல் போய்விடும். கலர் வைத்து முடிவு செய்யாதீர்கள். வருஷத்துக்கு வருஷம் ஹார்னஸ் மாறியிருக்கிறது.


மலைப்பாதை எழுதியது:

இவ்வளவு சுற்ற வேண்டுமா? ஓவர்ரைடு பட்டனின் இரண்டு வயருக்கு இணையாக ஒரு ஆன்–ஆஃப் டாகிள் சுவிட்ச் போட்டால் போதும். பனிக்காலத்தில் ஆன், மற்ற நேரம் ஆஃப். அரைமணி நேர வேலை, ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) எதுவும் வேண்டாம்.


பழைய ரிலே எழுதியது:

வேலை செய்யும். ஆனால் போடக்கூடாது. அந்த டாகிள் ஆனில் இருக்கும் வரை ரிவர்ஸ் வேகக் கட்டுப்பாடும் இல்லை. பனிக்காலக் கையுறை போட்ட கட்டைவிரல் திராட்டிலில் கொஞ்சம் கூடுதலாக அழுந்தினால் வண்டி முழு சக்தியோடு பின்னால் பாயும். இந்த வண்டியின் ஸ்டீயரிங் கோணம் முன்னோக்கி ஓடும்போது சக்கரத்தைத் தானாக நேராக்கும்படி அமைந்தது. பின்னோக்கிப் போகும்போது அதே கோணம் தலைகீழாக வேலை செய்யும். ஹேண்டில் நேராக நிற்காமல் ஒரு பக்கம் மடங்கப் பார்க்கும். மெதுவாக வந்தால் கைக்கு அடங்கும். வேகம் கூடினால் ஹேண்டில் பிடுங்கிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் கவிழும்.

திராட்டில் திறந்திருக்கும்போது ஓவர்ரைடை அழுத்தினால் வண்டி கட்டுப்பாடு இழக்கலாம் என்று ஓனர் மேனுவலே எச்சரிக்கிறது. அது விரலை எடுத்தால் விடுபடும் பட்டனாக இருப்பதன் காரணமும் அதுதான். நிரந்தரமாகப் பூட்டி வைக்கும் எந்த ஏற்பாட்டையும் அந்த இடத்தில் போட வேண்டாம்.

வயர் வேலையே வேண்டாம் என்பவர்களுக்கு மட்டும் ஒரு மாற்று வழி. அழுத்தினால் ஆன், விட்டால் ஆஃப் ஆகும் சீல் செய்த பட்டன் ஒன்றை இடது கிரிப்பின் முன்பக்கம், ஆட்காட்டி விரல் படும் இடத்தில் ஓவர்ரைடுக்கு இணையாக வைக்கலாம். கட்டைவிரல் விஞ்சுக்கு விடுபடும். ஆனால் ஆட்காட்டி விரல் பிரேக் லீவருக்கும் வேண்டும் என்பதால் இது இரண்டாம்பட்சம்தான்.


கியர்ப்பெட்டி எழுதியது:

மின்சாரம் பற்றி மேலே இருப்பவர் சொல்லட்டும். கியர்கேஸ் பழுதாகுமா என்ற இரண்டாவது கேள்விக்கு என் பதில்.

உள்ளே இருப்பது ஹில்லியார்ட் கிளட்ச், அதாவது ரோலர் கிளட்ச். ரிங் கியருக்குள் ஒரு கூண்டு, கூண்டில் உருளைகள், நடுவில் சக்கரங்களுக்குப் போகும் ஹப்கள். காயிலில் மின்சாரம் வந்தால் ஆர்மேச்சர் தகடு இழுபட்டு உராய்ந்து கூண்டை லேசாகப் பின்தங்க வைக்கும். உருளைகள் சரிவில் ஏறத் தயாராக நிற்கும். ஆனால் அப்போதும் பிடிக்காது. முன் அச்சின் கியர் விகிதம் பின் அச்சைவிடக் கொஞ்சம் மெதுவாக வைக்கப்பட்டிருப்பதால் சாதாரண ஓட்டத்தில் முன் சக்கரங்கள் ரிங் கியரை முந்திக்கொண்டு உருளும். பின் சக்கரம் வழுக்கிச் சுழலும்போதுதான் ரிங் கியர் முன் சக்கரத்தை எட்டிப்பிடிக்கும். அந்தக் கணம் உருளைகள் ஆப்பு அடித்தது போல இறுகும்.

எந்தத் திசையில் ரிங் கியர் ஓடினாலும் கூண்டு அதற்கு எதிர்ப்பக்கம் பின்தங்கும். எனவே ரிவர்ஸில் பிடிப்பதும் அதே கிளட்ச், அதே உருளைகள்தான், சரிவின் மறுபக்கம் மட்டும். இயந்திர ரீதியாக ரிவர்ஸில் அது பலவீனமானது இல்லை. அதை உடைப்பது வேறு மூன்று விஷயங்கள்.

முதலாவது, பின் சக்கரம் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும்போது காயிலுக்கு மின்சாரம் விடுவது. நிற்கும் ஹப்பை ஓடும் ரிங் கியர் ஒரே அடியில் பிடிக்கும். சுத்தியலால் அடிப்பதற்குச் சமம். கூண்டு விரியும், நடுநிலைக்குத் திருப்பும் ஸ்பிரிங் ஒடியும், சில சமயம் ரிங் கியர் பல்லே போகும். இதற்காகத்தான் கம்பெனி எஞ்சின் 3100 ஆர்பிஎம்முக்கு மேலே இருந்தால் ஏடபிள்யூடியைப் புதிதாகச் சேர விடாமல் வைத்திருக்கிறது. காயில் வயரை நேரடியாக கிரவுண்ட் செய்தால் இந்தக் காவலைத் தாண்டிப் போகிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது, தவறான எண்ணெய். அந்த கியர்கேஸுக்கு டிமாண்ட் டிரைவ் திரவம்தான். தடித்த சாதாரண கியர் ஆயில் ஊற்றினால், அதுவும் மைனஸ் 20 டிகிரிக் குளிரில், ஆர்மேச்சர் தகட்டுக்கும் காயிலுக்கும் இடையே பசை மாதிரி நிற்கும். பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காது, விட வேண்டிய நேரத்தில் விடாது. வண்டி வாங்கியதிலிருந்து மாற்றவில்லை என்றால் வயரிங்குக்கு முன் அதை மாற்றுங்கள். வடித்த எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, சீலையும் பாருங்கள்.

மூன்றாவது, உருளைகள் இறுகியிருக்கும்போதே திசை மாற்றுவது. ரிவர்ஸில் இழுத்துக்கொண்டிருக்கும்போது திராட்டிலை விட்டு, வண்டி முழுதாக நின்று, ஒரு நொடி கழித்து லீவரை மாற்றுங்கள். அவசரப்பட்டு மாற்றினால் பழைய பக்கம் இறுகிய உருளை விடுபடாமலே புதுப் பக்கம் பாரம் வரும். 'டங்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் ஓட்டும் முறையைத்தான் முதலில் திருத்த வேண்டும்.

ஹப்புக்கு ஒன்றாகக் காயில் வைத்த பழைய ஸ்போர்ட்ஸ்மேன் வைத்திருப்பவர்களுக்கு: அதில் இரண்டு காயில், இரண்டும் சேர்ந்து சுமார் 1 ஆம்பியர். ஸ்டீயரிங் திரும்பும்போதெல்லாம் ஹப் அருகே வயர் வளைந்து உள்ளேயே அறுந்துபோகும். வெளித்தோல் நன்றாகவே இருக்கும். ஹேண்டிலை இரு கோடிக்கும் திருப்பியபடி ஓம் பாருங்கள்.


பனிவழிப்பவன் எழுதியது:

நன்றி அண்ணாமார். அளந்தவை:

அ) 23.8 ஓம்.
ஆ) ஒரு பின்னில் 12.4 வோல்ட், மற்றதில் 0. சாவி ஆன் ஆனாலே அந்த 12.4 வருது, ஏடபிள்யூடி தேவையில்லை.
இ) மாற்றமில்லை, 12.4, 0.
ஈ) எஞ்சின் ஓடேக்குள்ள ஏடபிள்யூடி ஆன்: ஒன்றில் 13.7, மற்றதில் 0.3. ஏடபிள்யூடியை ஆஃப் செய்தால் இரண்டிலும் 13.7.
உ) ரிவேர்ஸ் வயர் நியூட்ரலில் 12.3, ரிவேர்ஸில் 0.

எண்ணெய் போன மாதம் மாற்றினது, டிமாண்ட் டிரைவ்தான்.


பழைய ரிலே எழுதியது:

மிக நல்ல அளவுகள். உங்கள் வண்டியில் காயிலின் ஒரு பக்கம் சாவியோடு பாசிட்டிவ், மறுபக்கத்தைத்தான் மீட்டர் பெட்டி (வேகமும் கியரும் காட்டும் பெட்டி) கிரவுண்ட் செய்து சேர்க்கிறது. ரிவர்ஸ் வயர் ரிவர்ஸில் கிரவுண்ட் ஆகிறது. மற்ற நேரம் பேட்டரி வோல்ட்டேஜில் நிற்கிறது. இதைவிட எளிதாக அமையாது.

('உ' அளவில் 12-க்குப் பதில் 5 வோல்ட்டோ, கியருக்குக் கியர் வேறு வேறு வோல்ட்டோ வந்தால் இங்கேயே நிறுத்துங்கள். அந்த வண்டியில் ஒரே வயரில் ரெசிஸ்டர் மதிப்பை வைத்து கியரைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று அர்த்தம். அதில் ரிலே மாட்டினால் மீட்டர் கியரைத் தப்பாகப் படிக்கும், உள்ளே பழுதும் ஆகலாம். அவர்கள் கியர் லீவர் கம்பியில் தனியாக ஒரு சீல் செய்த மைக்ரோ சுவிட்ச் வைத்துத்தான் ரிவர்ஸை அறிய வேண்டும்.)

தேவையானவை: 12 வோல்ட் 30 ஆம்பியர் ஐந்து கால் ரிலே ஒன்று, தண்ணீர் புகாத ரிலே சாக்கெட் ஒன்று, 1என்4007 டையோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுவது) மூன்று, மூடியுள்ள ஃபியூஸ் ஹோல்டரும் 3 ஆம்பியர் ஃபியூஸும், ரப்பர் தொப்பி போட்ட டாகிள் சுவிட்ச் ஒன்று, 16 கேஜ் வயர் 3 மீட்டர், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் டியூப். மின்சாரம் அரை ஆம்பியர்தான். 16 கேஜ் கேட்பது அதிர்வைத் தாங்க.

இணைப்பு (எண்கள் ரிலேயின் கால்களைக் குறிப்பவை):

ரிலே 86: சாவியோடு வரும் 12 வோல்ட், ஃபியூஸ் வழியாக. ஃபியூஸ் மின்சாரம் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

ரிலே 85: டாகிள் சுவிட்சுக்கு. டாகிளின் மறுமுனையிலிருந்து ஒரு டையோடு வழியாக ரிவர்ஸ் வயருக்கு. டையோடின் வெள்ளைக் கோடு ரிவர்ஸ் வயர் பக்கம்.

ரிலே 30: காயிலின் கட்டுப்படுத்தும் வயருக்கு, அதாவது 'ஆ' அளவில் 0 காட்டிய வயருக்கு. அதை வெட்ட வேண்டாம், தோலை உரித்து இணையாகச் சேர்த்து சால்டர் செய்யுங்கள்.

ரிலே 87: நேராக பேட்டரி நெகட்டிவுக்கு.

ரிலே 87ஏ: காலியாக விடுங்கள்.

மீதி இரண்டு டையோடு: ஒன்று ரிலேயின் 85–86 குறுக்கே, கோடு 86 பக்கம். இன்னொன்று முன் காயிலின் இரண்டு வயர் குறுக்கே, கோடு பாசிட்டிவ் பக்கம். காயிலை அணைக்கும்போது எழும் எதிர் வோல்ட்டேஜ் கியர் சுவிட்சின் சின்னக் கான்டாக்டையும் மீட்டர் பெட்டியையும் அடிக்காமலிருக்க இவை. கோட்டைத் திருப்பிப் போட்டால் நேர் ஷார்ட், ஃபியூஸ் போய்விடும்.

ரிவர்ஸ் வயரோடு தொடராகப் போடும் டையோடு எதற்கு என்றால், ஃபியூஸ் போயிருக்கும் நேரத்தில் மீட்டரிலிருந்து மின்சாரம் ரிலே வழியாகத் திரும்பி ஓடி ரிவர்ஸ் விளக்கை மங்கலாக எரியவிடாமல் தடுக்க. சின்ன விஷயம்தான். ஆனால் அது இல்லாமல் பேய் பிடித்த மாதிரி வரும் கோளாறைத் தேடுவது பெரிய வேலை.

இப்போது நடப்பது: டாகிள் ஆன், லீவர் ரிவர்ஸில் விழுந்த உடனே ரிலே சேரும், காயில் கிரவுண்ட் ஆகும். லீவரை எடுத்தால் விடும். முன்னோக்கி ஓடும்போது எல்லாம் பழையபடி மீட்டர் பெட்டியின் கையில், 3100 காவலோடு. வேகக் கட்டுப்பாட்டை யாரும் தொடவில்லை.

கியர்ப்பெட்டி சொன்ன முதல் ஆபத்துக்கு இதிலேயே பதில் இருக்கிறது. லீவர் ரிவர்ஸில் விழுவது வண்டி நின்று, எஞ்சின் ஐடிலிங்கில் இருக்கும்போது. காயிலும் அப்போதே தயாராகிவிடுகிறது. சக்கரம் வழுக்க ஆரம்பித்த பிறகு பட்டனைத் தேடி அழுத்துவதைவிட இது கிளட்சுக்கு மென்மையானது. ஓட்டத்தின் நடுவில் டாகிளைத் தட்டுவது மட்டும் கூடாது. அதனால் அதை ஹேண்டிலில் வைக்காமல் கை எளிதில் எட்டாத முன் கவசத்துக்குக் கீழே வையுங்கள். காலையில் ஆன், வேலை முடிந்தால் ஆஃப். உங்கள் வண்டியில் காயிலின் பாசிட்டிவ் சாவியோடே வருவதால், டாகிள் ஆனில் இருந்தால் ஏடபிள்யூடி சுவிட்ச் ஆஃப் என்றாலும் ரிவர்ஸில் நாலும் இழுக்கும்.

கடித்துப் பிடிக்கும் நீலக் கிளிப்புகளைப் போடவே வேண்டாம். ரோட்டு உப்பு கலந்த பனித்தண்ணீர் ஒரே சீசனில் உள்ளே பச்சைப் பிடிக்க வைத்துவிடும். சால்டர், மேலே பசை டியூப், அதற்கு மேல் நெளிவுக் குழாய். முன் சஸ்பென்ஷன் கைகள் மேலும் கீழும் போகும் வழியில் வயர் இருக்கக்கூடாது.

சோதனை: நாலு சக்கரமும் தரையை விட்டு எழும்படி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை நம்பி வேலை செய்யாதீர்கள். முதலில் எஞ்சின் அணைந்திருக்க, சாவி ஆன், டாகிள் ஆன், லீவர் ரிவர்ஸ். ஃபியூஸ் இடத்தில் ஆம்பியர் பார்த்தால் ரிலேக்கு மட்டும் சுமார் 0.15. முன் காயில் வயரில் தனியாகப் பார்த்தால் சுமார் 0.5. லீவரை மற்ற ஒவ்வொரு கியருக்கும் கொண்டுபோங்கள், இரண்டும் பூஜ்யம் ஆக வேண்டும். பிறகு எஞ்சினை ஓட்டி ரிவர்ஸில் மெல்ல திராட்டில் கொடுத்தால் முன் சக்கரங்களும் பின்பக்கமாகச் சுற்றும். அருகில் ஆள் நிற்கக்கூடாது.


கியர்ப்பெட்டி எழுதியது:

இதில் ஒன்று சேர்க்கிறேன். எல்லாம் இப்போது ரிவர்ஸ் சுவிட்சை நம்பி நிற்கிறது. லீவர் லிங்கேஜ் தளர்ந்திருந்தால் ரிவர்ஸ் பல் சேர்ந்திருக்கும், ஆனால் சுவிட்ச் விளிம்பில் நிற்கும். வண்டி குலுங்கும்போது ரிலே விட்டு விட்டுச் சேரும். அதாவது பாரத்தில் இருக்கும்போதே கிளட்ச் விட்டுப் பிடிக்கும். நாம் தவிர்க்க நினைத்த சுத்தியல் அடியே வேறு வழியாக வந்துவிடும். லீவரை ரிவர்ஸில் வைத்து விரலால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மீட்டரில் ரிவர்ஸ் குறி ஒருமுறை கூட மினுக்கக்கூடாது. மினுக்கினால் கம்பி முனைகளின் பந்து மூட்டுத் தேய்மானத்தைப் பார்த்து, நீளத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் மேற்கொண்டு.

இன்னொன்று, பின் டயருக்குச் சங்கிலி போட்டிருக்கிறீர்களா? போடாவிட்டால் முதலில் அதைப் போடுங்கள். பின் ரேக்கில் 30 கிலோ மணல் மூட்டையும் வையுங்கள். ரிவர்ஸில் லேசாகும் பின் சக்கரத்துக்கு அது நேரடி மருந்து. பின் சக்கரம் குறைவாக வழுக்கினால் முன் கிளட்சும் குறைவாகவே பிடிக்க வேண்டியிருக்கும், ஆயுள் கூடும். முன் டயருக்குச் சங்கிலி வேண்டாம். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் ஸ்ட்ரட்டிலோ பிரேக் ஹோஸிலோ உரசும்.

பிளேடைத் தூக்காமல் பின்னால் இழுப்பதையும் தவிருங்கள். பிளேடின் மடங்கும் ஸ்பிரிங்குகள் முன்னோக்கித் தள்ளுவதற்கானவை. பின்னால் இழுத்தால் கீழ் விளிம்பு உறைபனியில் கொத்திக்கொண்டு முழுப் பாரமும் கிளட்சில் ஏறும்.


ஏரிக்கரை கேட்டது:

இடையில் ஒரு கேள்வி. யமஹா கிரிஸ்லி 700-லும் இதே மாற்றம் செய்யலாமா?


பழைய ரிலே எழுதியது:

தேவையே இல்லை. யமஹாவில் முன் டிஃபரென்ஷியலில் ஒரு சின்ன மோட்டார் ஃபோர்க்கை நகர்த்திப் பல்லைப் பல்லோடு சேர்க்கிறது. ஒருமுறை சேர்ந்தால் முன்னால் போனாலும் பின்னால் போனாலும் நாலும் இழுக்கும். அங்கே ஓவர்ரைடு நீக்குவது வேகக் கட்டுப்பாட்டை மட்டும். டிஃப் லாக் (முன் சக்கரம் இரண்டையும் சேர்த்துப் பூட்டுவது) போட்டால் 35 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் விடாது, அதையும் அப்படியே விடுங்கள். விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால் பல் இன்னும் சேரவில்லை. வண்டியை ஒரு அடி முன்னும் பின்னும் உருட்டினால் சேர்ந்துவிடும். வயரிங் குற்றம் என்று நினைத்துப் பிரிக்காதீர்கள்.

ஹோண்டாவில் மேனுவல் கியர் மாடல்களில் சிக்கலே வேறு. இடது பிரேக் லீவரைப் பிடித்து ரிவர்ஸ் பட்டனை அழுத்தியபடி நியூட்ரலிலிருந்து பெடலைக் கீழே மிதிக்க வேண்டும். அது கேபிள் பூட்டு. நாலு சக்கர இழுவைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கேபிள் துருப்பிடித்தால் மாற்றுங்கள், பூட்டைக் கழற்ற வேண்டாம்.


பனிவழிப்பவன் எழுதியது:

பூட்டியாச்சு. ஸ்ராண்டில் வைத்துப் பார்த்தது எல்லாம் சொன்ன மாதிரியே. ரிவேர்ஸில் 0.52 ஆம்பியர், மற்ற கியரில் 0. லிங்கேஜ் ஆடவில்லை. பின் சங்கிலியும் போட்டாச்சு. ஸ்னோவில் பெரிய வித்தியாசம் தெரியுது.

ஒரேயொரு குறை. பிளேட்டைத் தூக்கிக்கொண்டே லீவரை ரிவேர்ஸில் போட்டால் சில நேரம் ரிலே 'கிளிக்' கேக்கிறதில்லை, நாலு சில்லு வராது. விஞ்ச் நின்றதும் 'கிளிக்' கேக்குது. ரிலேக்கு 12 வோல்ட் எடுத்தது விஞ்ச் சுவிட்சுக்கு வார வயரில்.


பழைய ரிலே எழுதியது:

காரணம் அந்தக் கடைசி வரியிலேயே இருக்கிறது. பிளேடு தூக்கும்போது விஞ்ச் நூறு ஆம்பியர் வரை இழுக்கும். ஐடிலிங்கில் சார்ஜிங் அதற்கு ஈடு கொடுக்காது, பேட்டரி வோல்ட்டேஜ் சரியும். விஞ்ச் கான்டாக்டரின் (விஞ்சை ஓட்டும் பெரிய ரிலேயின்) காயிலும் அதே மெல்லிய வயரில் மின்சாரம் எடுக்கிறது. டையோடு 0.7 வோல்ட் சாப்பிடுகிறது. இந்த வகை ரிலே சேர சுமார் 8 வோல்ட் வேண்டும். ஒருமுறை சேர்ந்துவிட்டால் மிகக் குறைந்த வோல்ட்டிலும் விடாது. அதனால்தான் விஞ்ச் ஓடும்போது புதிதாகச் சேர மட்டும் மறுக்கிறது.

இதை அப்படியே விடக்கூடாது. விஞ்ச் நின்று 'கிளிக்' கேட்கும் நேரத்தில் நீங்கள் திராட்டில் கொடுத்துப் பின் சக்கரம் வழுக்கிக்கொண்டிருக்கலாம். அப்போது காயில் சேர்ந்தால் கியர்ப்பெட்டி சொன்ன அதே அடி.

மூன்று வேலை. 86-இன் மின்சாரத்தை விஞ்ச் வயரிலிருந்து எடுத்து, சாவியோடு வரும் வேறு இடத்துக்கு, ஃபியூஸ் பெட்டியின் அருகே மாற்றுங்கள். ரிவர்ஸ் வயரோடு தொடராக இருக்கும் டையோடை மட்டும் 1என்5819 ஷாட்கி ஆக்குங்கள், அது 0.3 வோல்ட் அளவுதான் எடுக்கும். 87-இன் கிரவுண்ட் விஞ்ச் போல்ட்டில் இருந்தால் அதையும் எடுத்து பேட்டரி நெகட்டிவிலேயே தனி வளையத்தில் போடுங்கள்.

பிறகு பிளேடு தூக்கியபடி பேட்டரி முனைகளில் நேராக அளந்து பாருங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் குறை வயரில் இல்லை, பேட்டரியில். 10 வோல்ட்டில் முன் காயிலுக்கு 0.42 ஆம்பியர்தான் கிடைக்கும், பிடிமானமும் அந்த அளவுக்குக் குறையும். எப்படியும் வரிசை இதுவாக இருக்கட்டும்: நின்று, பிளேடு தூக்கி, விஞ்சை விட்டு, அப்புறம் லீவர்.


பனிவழிப்பவன் எழுதியது:

86-ஐ ஃபியூஸ் பெட்டிக்கு மாற்றினேன், ஷாட்கியும் போட்டாச்சு, கிரவுண்ட் பற்றறியில். பிளேட் தூக்கேக்குள்ள பற்றறியில் 10.9, 86-இல் 10.6. விஞ்ச் ஓடிக்கொண்டிருக்க இருபது தரம் லீவரைப் போட்டுப் பார்த்தேன், இருபது தரமும் 'கிளிக்' கேட்டது.